கருப்பையை விட்டுப் புறப்பட்ட கட்டிகள்

புற்றுநோய் அல்ல. ஆனாலும் நுரையீரல், நாளம், வயிற்றறை என்று போய்த் தங்கி வளரும் சில அரிய கட்டிகள் பெண்களுக்கு வருகின்றன. அவை எதனால் வளர்கின்றன, எதனால் சுருங்கும் என்பதைச் சொல்வது கலத்தின் கருவுக்குள் இருக்கும் ஒரு வகைப் புரதம். மட்டக்களப்பு வாவியின் இரு கரைப் பெண்களும் அதை ஏன் அறிந்திருக்க வேண்டும்?

“கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இனி அந்தக் கரைச்சல் இல்ல.”

மாதக்கணக்கில் இரத்தப்போக்கோடு வட்டைக்கும் வீட்டுக்கும் நடந்து களைத்த ஒரு பெண், சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது இப்படித்தான் ஆறுதல் கொள்கிறாள். வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் கேட்கும் பேச்சு இது. பெரும்பாலானவர்களுக்கு அது முழு உண்மையும்கூட. கிளினிக்குகளில் ‘பைபுரொயிட்’ என்று சொல்லப்படும் கருப்பைத் தசைக்கட்டி புற்றுநோய் அல்ல. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஸ்கேன் ஆய்வொன்று, 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 வீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டி இருப்பதைக் காட்டியது. அவ்வளவு பொதுவானது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. தொல்லை தந்தால் கட்டியையோ கருப்பையையோ அகற்றுகிறார்கள். அத்தோடு கதை முடிகிறது.

மிகச் சிலருக்கு மட்டும் முடிவதில்லை. பல ஆண்டுகள் கழித்து எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் உருண்டை உருண்டையாக நிழல்கள் தெரிகின்றன. வேறு சிலருக்கு வயிற்றறையின் சுற்றுவிரி முழுவதும் சிறு முடிச்சுகள். இன்னும் சிலருக்கு நாளத்தின் உட்புறமாகவே வளர்ந்து இதயம் வரை ஏறிய தசைத்திரட்சி. வெட்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் புற்றுநோய்க்குரிய அடையாளம் எதுவும் இல்லை. கருப்பையில் இருந்த பழைய கட்டியின் அதே மழமழப்பான தசைக் கலங்கள், அதே ஒழுங்கு, அதே அமைதி.

அந்த மிகச் சிலருக்காகவே இக்கட்டுரை. அவர்களுக்குச் சரியான நோய்ப்பெயரும் சரியான சிகிச்சையும் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது: கட்டியில் ‘ஓமோன் வாங்கி’ எனும், ஓமோனைப் பிடிக்கும் புரதம் இருக்கிறதா என்ற சோதனை, பழைய சத்திரசிகிச்சையின் நோயியல் அறிக்கை. முதலாவதை வைத்தியசாலை செய்ய வேண்டும். இரண்டாவது அந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும்.

மூன்று அரிய கட்டிகள்

1939இல் பால் ஸ்டெய்னர் என்ற அமெரிக்க நோயியல் நிபுணர் ஒரு பெண்ணின் மரணத்தை விவரித்து எழுதினார். அவளுடைய நுரையீரல்களில் நிறையத் தசைக்கட்டிகள் இருந்தன. அவை கருப்பைக் கட்டியைப் போலவே தீங்கற்ற தோற்றம் கொண்டவை. தீங்கற்ற கட்டி ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குப் போகாது என்பதே வைத்தியப் பாடம். அந்தப் பாடத்துக்குள் அடங்காத இந்த நோய்க்குப் பின்னாளில் ‘பரவும் தீங்கற்ற தசைக்கட்டி’ என்ற முரணான பெயர் நிலைத்தது. உலக மருத்துவ இலக்கியத்தில் பதிவானவை நூற்றுக்கணக்கில்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்னர் கருப்பையையோ கருப்பைக் கட்டியையோ அகற்றிக்கொண்ட பெண்கள். பலருக்கு நோய்க்குறி எதுவும் இருக்கவில்லை. வேறு தேவைக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சிலருக்கு இருமல், மூச்சுமுட்டு, நெஞ்சுநோவு.

இரண்டாவது, நாளத்துக்குள் வளரும் தசைக்கட்டி. ஜேர்மனிய நோயியலாளர் பிர்ச்-ஹிர்ஷ்ஃபெல்ட் 1896இலேயே இதைப் பதிவு செய்தார். கருப்பையின் நாளங்களுக்குள் நுழையும் கட்டி இடுப்பு நாளங்கள் வழியே கீழ்ப்பெருநாளத்துக்குள் வளர்ந்து, சிலரில் இதயத்தின் வலப்பக்க அறை வரை போய்விடும். மயக்கம், கால் வீக்கம், மூச்சுத் திணறல் என்று வரும் பெண்ணுக்கு இதயநோய் அல்லது இரத்தக்கட்டு என்றே முதலில் எண்ணத் தோன்றும். மூன்றில் உடனடி ஆபத்து மிக்கது இதுதான். கட்டியை முழுமையாக அகற்றுவதே இதற்கான முதன்மைச் சிகிச்சை.

மூன்றாவது, வயிற்றறைச் சுற்றுவிரியில் பரவலாக முளைக்கும் தசைக்கட்டிகள். 1952இல் வில்சன், பீல் இருவரும் முதலில் விவரித்தார்கள். கர்ப்ப காலத்திலும், நீண்டகாலம் ஓமோன் மாத்திரை எடுத்தவர்களிலும் அதிகம் காணப்பட்டது. வயிற்றைத் திறந்து பார்க்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பரவிய சூலகப் புற்றுநோயாகவே அது தோன்றும். பிள்ளைப்பேற்றுக்குப் பின், ஓமோன் குறைந்ததும், பலரில் அவை தாமாகவே சுருங்கியிருக்கின்றன.

சிறுதுளைச் சத்திரசிகிச்சை தொடர்பாகவும் ஓர் எச்சரிக்கை உண்டு. கட்டியைச் சிறு துளை வழியே எடுப்பதற்காக உள்ளேயே துண்டாக்கும் இயந்திரம், துணுக்குகளை வயிற்றறைக்குள் சிதறவிடக்கூடும். அவை ஒட்டிக்கொண்டு வளரலாம். மறைந்திருக்கும் புற்றுநோயும் அப்படிப் பரவலாம் என்பதால் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2014இல் அந்த இயந்திரத்தின் பாவனைக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது.

வாங்கி செய்யும் வேலை

கர்ப்பத்தில் வளர்கிறது, பேற்றின் பின் சுருங்குகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பலரில் அடங்குகிறது. அப்படியானால் இந்தக் கட்டிகளைச் சூலக ஓமோன்கள் இயக்குகின்றன என்பது தெளிவு. எப்படி இயக்குகின்றன?

கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜோர்ஜ் பீற்சன் 1896இல் ஒரு விந்தையை வெளியிட்டார். முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகளின் சூலகங்களை அகற்றியபோது சிலரில் மார்பகக் கட்டி சுருங்கியது. சூலகத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அது என்னவென்று அப்போது எவரும் அறியவில்லை. சூலக ஓமோனாகிய ஈஸ்திரஜன் பிரித்தெடுக்கப்பட்டதே 1929இல்தான். அந்த ஓமோன் ஏன் சில உறுப்புகளில் மட்டும் வேலை செய்கிறது என்பதற்கு விடை, 1958 அளவில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் எல்வூட் ஜென்சன் செய்த சோதனையில் கிடைத்தது. கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசன் சேர்த்த ஈஸ்திரஜனை எலிகளுக்குச் செலுத்தினார். பெரும்பாலான உறுப்புகளிலிருந்து அது வெளியேறிவிட்டது. கருப்பை போன்ற சில இழையங்கள் மட்டும் அதை மாற்றம் எதுவுமின்றிப் பிடித்து வைத்திருந்தன. பிடித்து வைத்திருந்தது ஒரு புரதம். அதுதான் ஈஸ்திரஜன் வாங்கி.

உன்னிச்சைக் குளத்துக் கதவு திறந்தால் வாய்க்கால் முழுவதும் தண்ணீர் ஓடும். ஆனால் வக்கடை வெட்டிய வயலுக்குள் மட்டுமே அது பாயும். ஓமோனும் அப்படித்தான். இரத்தத்தில் உடல் முழுவதும் சுற்றுகிறது. வாங்கி உள்ள கலத்தில் மட்டுமே வேலை செய்கிறது. ஓமோனைப் பிடித்த வாங்கி, கலத்தின் கருவுக்குள் உள்ள பரம்பரையலகுகளில் அமர்ந்து, ‘இதை இயக்கு, அதை நிறுத்து’ என்று பணிக்கிறது. கலம் பெருக்கம் அடைவது அந்தப் பணிப்பின் விளைவு.

நீண்ட காலமாகக் குற்றம் முழுவதும் ஈஸ்திரஜன் மீதே சுமத்தப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. கருப்பைத் தசைக்கட்டியின் கலங்களைப் பெருகச் செய்வதில் முதன்மைப் பங்கு இன்னொரு சூலக ஓமோனாகிய புரோஜெஸ்திரோனுடையது. ஈஸ்திரஜனின் பெரிய வேலை, கலத்தில் புரோஜெஸ்திரோன் வாங்கியை உண்டாக்கி வைத்திருப்பது. 2010இல் வெளியான ஒரு சோதனையில் மனிதக் கருப்பைக் கட்டித் துண்டுகளை எலியில் வளர்த்தார்கள். ஈஸ்திரஜன் மட்டும் கொடுத்தபோது கட்டி பெருக்கவில்லை. புரோஜெஸ்திரோனும் சேர்ந்தபோதே வளர்ந்தது. ஆகவே ஒரு வாங்கியை மட்டும் பார்ப்பது போதாது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

நுரையீரலுக்குப் போன கட்டியிலும், நாளத்துக்குள் ஏறிய கட்டியிலும், வயிற்றறையில் முளைத்த முடிச்சுகளிலும் பெரும்பாலும் இந்த இரண்டு வாங்கிகளும் இருக்கின்றன. எவ்வளவு தூரம் போனாலும் கருப்பைத் தசையின் குணத்தை அவை விடவில்லை. சிகிச்சைக்கான வழியும் அங்கேதான் திறக்கிறது.

ஒரே கலத்தின் வழித்தோன்றல்

நுரையீரலில் இருப்பது கருப்பையிலிருந்து வந்ததா, அங்கேயே தனியாகத் தோன்றியதா? இந்த விவாதத்தைத் தீர்க்கப் பெண்ணுடலுக்கே உரிய ஓர் இயல்பு கைகொடுத்தது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. முளையப் பருவத்திலேயே ஒவ்வொரு கலமும் அவற்றில் ஒன்றைச் செயலிழக்கச் செய்துவிடும். எதைச் செயலிழக்கச் செய்தது என்பது அந்தக் கலத்தின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் மாறாது. ஒரே பெண்ணின் கருப்பைக் கட்டியையும் பல நுரையீரல் கட்டிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், எல்லாவற்றிலும் அதே எக்ஸ் நிறமூர்த்தமே செயலிழந்திருந்தது. தனித்தனியாகத் தோன்றியிருந்தால் அவ்வளவு ஒற்றுமை இருக்காது. அவை ஒரே மூலக் கலத்திலிருந்து வந்தவை என்பதற்கு இது வலுவான சான்று.

கருப்பைக் கட்டிகள் ஏன் தோன்றுகின்றன என்பதற்கும் 2011இல் முக்கியமான தடயம் கிடைத்தது. ஹெல்சிங்கி ஆய்வாளர்கள், அவர்கள் பரிசோதித்த கட்டிகளில் ஏறக்குறைய 70 வீதமானவற்றில் ‘மெட் 12’ என்ற பரம்பரையலகில் விகாரம் இருப்பதைக் கண்டார்கள். இவ்விகாரம் கட்டிக்குள் மட்டும் நிகழ்வது, தாயிடமிருந்து வருவதல்ல.

பரம்பரையாக வரும் ஒரு வகை வேறாக உண்டு. ‘எஃப்.எச்.’ என்ற பரம்பரையலகில் பிறவியிலேயே குறைபாடு உள்ள குடும்பங்களில் இளவயதிலேயே பல கருப்பைக் கட்டிகள், தோலில் நோவுள்ள சிறு முடிச்சுகள், சிலருக்குத் தீவிரமான சிறுநீரகப் புற்றுநோய் என்று வரும். குடும்ப நோய் வரலாறு கேட்கப்படுவது இதற்காகத்தான். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. ‘வயிற்றுவார்’ என்று தாய்வழிக் கிளையைத் தலைமுறை தலைமுறையாக எண்ணிச் சொல்லும் மூத்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் எந்த வயதில் கருப்பை எடுக்கப்பட்டது, என்ன காரணம் என்பது மட்டும் அந்த வாய்மொழியில் இடம்பெறுவதில்லை. வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதிக் கொடுக்கும் தாய், தன் நோயின் வரலாற்றையும் மகளிடம் சொல்லி வைக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கபில நிறம் சொல்லும் சேதி

கட்டியிலிருந்து எடுத்த துண்டு போர்மலினில் பதப்படுத்தப்பட்டு, பரபின் மெழுகுக் கட்டைக்குள் பதிக்கப்படுகிறது. அதிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிப்பில் சீவல்கள் வெட்டி எடுக்கிறார்கள். ஓமோன் வாங்கியில் மட்டும் ஒட்டக்கூடிய பிறபொருளெதிரியை அதன்மேல் இட்டு, பின்னர் நிறமூட்டுகிறார்கள். வாங்கி உள்ள கலங்களின் கரு கபில நிறமாகத் தெரியும். எத்தனை வீதக் கலங்கள், எவ்வளவு ஆழமான நிறம் என்று நோயியல் வைத்திய நிபுணர் எழுதுகிறார். தசைக்குரிய வேறு புரதங்களையும் இதே முறையில் தேடுகிறார்.

இச்சோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். கட்டி தீங்கற்றதா, புற்றுநோயா என்பதை வாங்கி தனியே தீர்மானிக்காது. கருப்பைத் தசையின் புற்றுநோயிலும் சிலவேளை இவ்வாங்கிகள் இருக்கும். கலங்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, அவற்றின் உருவம் குலைந்திருக்கிறதா, இழையம் இறந்திருக்கிறதா என்பவையே அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை. வாங்கி சொல்வது வேறு இரண்டு: இந்தக் கட்டியின் பிறப்பிடம் பெரும்பாலும் கருப்பை, ஓமோனைக் கட்டுப்படுத்தும் சிகிச்சைக்கு இது இணங்கக்கூடும்.

இன்னொரு நோயையும் பிரித்தறிய வேண்டும். பெண்களின் நுரையீரலில் தசை போன்ற கலங்கள் பரவி, காற்றுப் பைகளைச் சிதைக்கும் ‘லாம்’ என்ற அரிய நோயிலும் இதே ஓமோன் வாங்கிகள் காணப்படும். அதற்கான மருந்து வேறு. சிரோலிமஸ் பயன் தருவதை 2011இல் வெளியான மருத்துவப் பரிசோதனை காட்டியது; 2015இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும்.

சிகிச்சை: எப்போதும் கத்தி அல்ல

நுரையீரலில் வளராமல் அமைதியாக இருக்கும் கட்டிகளைக் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே பலருக்குப் போதும். வளர்ந்தால், அல்லது மூச்சைப் பாதித்தால், சூலக ஓமோனைக் குறைக்கும் வழிகள் உண்டு. மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் கட்டளையை அடக்கும் ஜி.என்.ஆர்.எச். வகை ஊசிகள் ஒரு வழி. ஈஸ்திரஜனை உருவாக்கும் நொதியத்தைத் தடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் இன்னொரு வழி. மாதவிடாய் நின்ற பின்னும் கொழுப்பிழையத்தில் ஈஸ்திரஜன் உருவாகிக்கொண்டே இருப்பதால் இந்த மாத்திரைகளுக்கு அப்போதும் வேலை உண்டு. தெரிந்தெடுத்த சிலருக்குச் சூலகங்களை அகற்றுவதும், தனிக் கட்டிகளை வெட்டி எடுப்பதும் பயன் தருகின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. ஈஸ்திரஜன் வற்றினால் உடல் கொதிக்கும், என்பு தேயும். எனவே “சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்” என்று இளவயதிலேயே கேட்பது அறிவுடைமை அல்ல. மிக அரிதாக வருவதற்குப் பயந்து எல்லோரும் என்பையும் இதயத்தையும் பலி கொடுக்கக்கூடாது. கருப்பைக் கட்டிக்கென்று நம்பிக்கையோடு வந்த யூலிப்ரிஸ்டல் மாத்திரையும், சிலரில் ஈரல் கடுமையாகப் பழுதானதால், ஐரோப்பாவில் 2020 முதல் கட்டுப்படுத்தப்பட்டது. ஓமோனோடு தொடர்பான எந்த மருந்தும் நிபுணரின் கண்காணிப்பில்தான் எடுக்கப்பட வேண்டும்.

வாங்கி இருக்கிறது என்பதால் விளைவு எப்போதும் கணக்குப்படி அமைவதில்லை. 1977இல் பதிவான ஒரு பெண்ணுக்கு, ஓமோன்கள் உச்சத்தில் இருக்கும் கர்ப்ப காலத்திலேயே நுரையீரல் கட்டிகள் சுருங்கின. ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியே தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வாவியின் இரு கரையில்

ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவி, மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பெரிய வைத்தியசாலைகள் பெரும்பாலும் எழுவான்கரையில். மருத்துவ மாணவர்கள் பயிலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, காத்தான்குடி ஆதார வைத்தியசாலைகள் எல்லாம் கிழக்குப் பக்கத்திலேயே. மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை அந்தப் பக்கத்துப் படுவான்கரைப் பெண் கிளினிக்குக்கு வரப் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற வேண்டியிருந்தது. சிகிச்சை இலவசம், பயணமும் இழந்த நாட்கூலியும் இலவசம் அல்ல. சத்திரசிகிச்சை முடிந்து தையல் ஆறியதும், நோயியல் அறிக்கைக்காக இன்னொரு தடவை வர மனம் ஒப்பாததில் வியப்பில்லை.

பெற்றுக்கொண்ட அறிக்கைகளும் நிலைக்கவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1990இலும், 2006, 2007இலும் போரால் மக்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் கடல் வீடுகளோடு அலுமாரிகளையும் அள்ளிச் சென்றது. நாற்பது வயதில் கருப்பை எடுத்த எத்தனையோ பெண்களிடம் இன்று அதற்கான துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

இந்த இழப்பின் பாரம், நெஞ்சில் நிழல் தெரியும் நாளில்தான் புலப்படும். மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் எம் மாவட்டத்துப் பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். அதில் உருண்டை நிழல் ஒன்று தெரிந்தால் காசநோயா, எங்கிருந்தோ பரவிய புற்றுநோயா என்ற இரண்டு அச்சங்களே முதலில் எழும். இரண்டையும் சோதித்தே ஆக வேண்டும். அதில் தாமதம் கூடாது. அத்தோடு “உங்களுக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஒப்பரேசன் நடந்ததா?” என்ற ஒரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும். ஆம் என்றால், நுரையீரலிலிருந்து எடுக்கும் சிறு துண்டில் ஓமோன் வாங்கியைத் தேடுமாறு நோயியல் நிபுணரிடம் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியும் அந்தச் சோதனையும் ஒரு பெண்ணைத் தேவையற்ற புற்றுநோய் மருந்திலிருந்து காப்பாற்றக்கூடும்.

தாள் தொலைந்தாலும் பரபின் கட்டை பல பத்தாண்டுகள் கெடாது. ஆய்வுகூடம் அதைப் பேணி வைத்திருந்தால், பழைய கட்டியில் இன்றும் வாங்கியைச் சோதிக்கலாம். நுரையீரல் கட்டியோடு ஒப்பிடலாம். அதைத் தேடி எடுக்க அறிக்கை இலக்கமும் ஆண்டும் வேண்டும்.

கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை

• எனக்கு அகற்றப்பட்டது எது: கட்டி மட்டுமா, கருப்பையா, சூலகங்களுமா?

• நோயியல் அறிக்கை வந்துவிட்டதா? அதன் பிரதியும் இலக்கமும் கிடைக்குமா?

• கட்டி நாளத்துக்குள் நுழைந்திருந்ததா? கலப் பிரிவு வழமைக்கு மேல் இருந்ததா?

• ஓமோன் வாங்கிச் சோதனை எனக்குத் தேவையா? பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது, அரிய வகை என்ற ஐயம் இருந்தால் தேவை.

• நான் கருத்தடை ஊசியோ ஓமோன் மாத்திரையோ தொடரலாமா? சாதாரணக் கருப்பைக் கட்டி இருந்தது என்பதற்காகத் தானாக நிறுத்த வேண்டாம். வைத்தியரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியது

1996இல் தொடங்கிய மகளிர் நல்வாழ்வு கிளினிக்குகள் 35, 45 வயதுப் பெண்களை அழைத்துக் கருப்பைக் கழுத்தையும் மார்பகத்தையும் பரிசோதிக்கின்றன. அங்கு பேணப்படும் பதிவில் கருப்பைச் சத்திரசிகிச்சைக்கென ஒரு வரி இருக்கட்டும்: நடந்த ஆண்டு, வைத்தியசாலை, அறிக்கை இலக்கம். மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது அந்த வரி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கட்டும். நோயியல் அறிக்கை தயாரானதும் அதன் பிரதியைப் பெண்ணின் கிராமத்துக்கு அருகே உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பினால், மண்டூரிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ ஒருத்தி ஒரு தாளுக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டி வராது. மார்பு நோய் கிளினிக்கும் மகப்பேற்று, பெண்நோயியல் பிரிவும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் இத்தகைய நோயாளியை ஒன்றாக இருந்து ஆராய்வது வழமையாக வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த இயந்திரமோ தேவையில்லை. ஒழுங்கும் அக்கறையும் போதும்.

அரிய நோய் என்றால் கவனிக்கத் தேவையில்லாத நோய் என்று பொருள் அல்ல. பெண்ணின் வயிற்றில் வந்த கட்டி ‘சாதாரணம்’ என்று சொல்லப்பட்டதும் அவள் மீதான கவனம் நின்றுவிடக்கூடாது. அது எந்த வகை, எந்த ஓமோனுக்கு இணங்கும், பின்னர் எதைக் கவனிக்க வேண்டும் என்று அறிவது அவளுடைய உரிமை. அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது அந்த அறிக்கையைக் கேளுங்கள். அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் சேர்த்து வையுங்கள். உங்கள் மகளுக்கும் அது எங்கே இருக்கிறதென்று சொல்லுங்கள்.